கிராணியோடு நின்றுவிடலாமா?

தோட்டத்தில் பால் எடையையும் வேலை நாளையும் கிராணி எழுதினார். அவர் எழுதியதே சம்பளம். கணக்குத் தெரியாததால் நம் பாட்டன்மார் எதிர்த்துக் கேட்க முடியவில்லை.

இன்று நம் பிள்ளைகள் பலர் அலுவலகங்களில் கணக்குக் கிராணிகள். மகிழ்ச்சிதான். ஆனால் 1967 கணக்காளர் சட்டப்படி, எம்.ஐ.ஏ. உறுப்பினர் மட்டுமே தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளலாம். 2020-க்குள் 60,000 கணக்காளர்கள் என்ற இலக்கை நாடு எட்டவில்லை. ஆள் தேவை, பிள்ளைகளும் இருக்கிறார்கள். தடை எங்கே?

யு.ஐ.டி.எம். நமக்கு மூடிய கதவு. மெட்ரிகுலேசனில் கணக்கியல் பிரிவு உண்டு; ஆனால் 90 விழுக்காட்டு இடங்கள் பூமிபுத்ராக்களுக்கு. 10 ஏ எடுத்த அனைவருக்கும் இடம் என்று 2024-இல் அறிவித்தார்கள். ஆறு ஏ எடுத்த லோரி ஓட்டுநர் மகள் எங்கே போவாள்?

ஏ.சி.சி.ஏ.வின் அடிப்படைத் தேர்வுகளை வேலை செய்துகொண்டே எழுதலாம். ஆனால் கட்டணம் பவுண்டில். அதை யார் கட்டுவது?

நம் கோரிக்கை மூன்று. மாணவர் குறைவு என்று சொல்லிக் கணக்கியல் வகுப்பை மூடாதீர்கள். மனப்பாடம் போதாது, உண்மையான ரசீதை வைத்துப் பேரேடு எழுதக் கற்றுக்கொடுங்கள். ஏழை மாணவரின் தேர்வுக் கட்டணத்தை அரசாங்கமும் நம் இயக்கங்களும் ஏற்கட்டும்.

பெற்றோரே, நான்காம் படிவத்தில் கணக்கியல் உண்டா என்று பள்ளியில் இப்போதே கேளுங்கள். நம் கணக்கை அடுத்தவர் எழுதிய காலம் போதும்!