ஒப்பம் வைக்கிறதுக்கு முதல்

‘சமூகப் பங்கேற்பு’ என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது வருகைப் பதிவேடுதான். கூட்டம் காலை ஒன்பது மணிக்கு. அந்த நேரம் கடற்றொழிலாளர் கரைக்கு வந்து வலையில் மீன் கழற்றிக்கொண்டிருப்பார்கள். வந்த பத்துப் பேரிடம் ஒப்பம் வாங்கி, சாப்பாட்டுப் பார்சல் குடுத்து, படமும் எடுத்தால் அலுவல் முடிஞ்சுது. “சமூகத்துடன் கலந்துரையாடப்பட்டது” என்று அறிக்கையில் ஒரு வரி வரும். திட்டம் அதற்கு முதலே எழுதி முடிந்திருக்கும்.

விடத்தல்தீவை எடுத்துப் பாருங்கள். கண்டல் காடும் கடற்புல்லும் சேற்றுத்தரையும் சேர்ந்த மன்னார்க் கரை அது. 2016இல் 29,000 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட பரப்பு இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் வந்தது. 2024 மே மாதம் இன்னொரு வர்த்தமானி வந்து, அதில் ஏறத்தாழ 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக வெளியே எடுத்தது. சூழல் அமைப்புகள் வழக்குப் போட்ட பிறகே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது.

இந்த இரண்டு வர்த்தமானிக்கும் அடிப்படை ஒன்றுதான். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி எல்லையைப் போடுவதும் மாற்றுவதும் அமைச்சரின் கட்டளை. கரையில் இருக்கிற கிராமத்தின் சம்மதம் அதில் ஒரு படியாகக்கூட இல்லை. விறகுக்கு ஒரு கண்டல் கொப்பு வெட்டினவருக்கு வழக்கு. பண்ணைக்கென்றால் எல்லையே நகரும். இதைத்தான் பாதுகாப்பு என்று சொல்லி எங்களை நம்பச் சொல்கிறார்கள்.

“சனத்தின்ர கையில விட்டால் எல்லாத்தையும் அழிச்சுப்போடும்” என்பார்கள். எங்கட சனமும் கண்டல் வெட்டியிருக்கிறது, தடைசெய்த வலை போட்டிருக்கிறது. மறைக்கத் தேவையில்லை. ஆனால் இழுவை மடி கடலடியை வழித்துக்கொண்டு போகிறது என்று வருடக்கணக்காக வீதியில் நின்று கத்தினது யார்? வடக்கின் சிறு கடற்றொழிலாளர். அதைத் தடைசெய்யும் சட்டம் 2017இல்தான் வந்தது. எந்த மாதம் எந்த இறால் எந்த வாய்க்காலால் ஏறும், எங்கே குஞ்சு மீன் ஒதுங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை மதித்துப் பேணுவோம் என்று உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தின் 8ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1994இல் ஏற்றது. முப்பது வருடம் கடந்தும் அந்த அறிவுக்கு எங்கட திட்ட மேசையில் கதிரை இல்லை.

நாங்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை. வரைபடமும் திட்ட வரைவும் கூட்டத்துக்கு ஒரு மாதம் முதலே தமிழில் கிராமத்துக்கு வரவேண்டும். கூட்டம் பின்னேரத்தில், கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் நடக்கவேண்டும். நண்டும் மட்டியும் பொறுக்கிற பெண்களும் அதில் கதைக்கவேண்டும். சொன்ன ஆட்சேபத்துக்கு எழுத்தில் பதில் வரவேண்டும். கிராமத்தைக் கேட்காமல் எல்லை போடவும் கூடாது, அழிக்கவும் கூடாது. அதற்காக அந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்படவேண்டும்.

அதுவரைக்கும் எங்கட வயதுத் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லுகிறோம். அடுத்த கூட்டத்தில் பதிவேடு உங்களிடம் வரும். வரைவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டாவிட்டால் ஒப்பம் வைக்காதீர்கள்.