பொழுது சாய்ந்த பிறகும் சூரிய மின்சாரம்

நண்பகலில் கொட்டும் சூரிய மின்சாரம், விளக்கு வைக்கும் நேரத்தில் இருப்பதில்லை. வீடுகளின் தேவை ஏறுவதோ அப்போதுதான். கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் நிலையத்துக்கும் இதே நிலைதான்.

சத்தீஸ்கரின் ராஜ்நந்த்காவ்ன் வழி காட்டுகிறது. அங்கே 100 மெகாவாட் சூரிய மின் நிலையத்தோடு, 40 மெகாவாட் திறனும் 120 மெகாவாட்-மணி கொள்ளளவும் கொண்ட பேட்டரிகள் 2024 முதல் இயங்குகின்றன. பகலில் சேமித்ததை மாலையில் முழுத் திறனில் மூன்று மணி நேரம் தரலாம். கப்பல் கன்டெய்னர் அளவுப் பெட்டிகள். உள்ளே அடுக்கடுக்காக லித்தியம் பேட்டரிகள். சூடு ஏறாமல் காக்கக் குளிரூட்டி. நம் நெய்வேலி என்.எல்.சி. நிறுவனமே அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் திட்டத்துடன் 8 மெகாவாட்-மணி பேட்டரியை அமைத்திருக்கிறது.

அந்த அனுபவம் பெற்ற நெய்வேலி, கடலூர் மாவட்டத்தின் வேப்பூர் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. மக்காச்சோளத்துக்குப் பம்புசெட் ஓட்டும் உழவரும் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை நடத்துவோரும் கேட்பது சீரான மின்சாரம்.

புதிய சூரிய மின் டெண்டர்களில், நிறுவுதிறனில் 10 சதவீத அளவுக்கு இரண்டு மணி நேரச் சேமிப்பு வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2025 பிப்ரவரியில் அறிவுறுத்தியது. இப்பகுதியில் இனி வரும் நிலையங்களுக்குத் தமிழக அரசு அதைக் கட்டாயமாக்க வேண்டும். லித்தியம் பேட்டரித் தீ எளிதில் அணையாது; அணைந்த பின்னும் மீண்டும் மூளக்கூடும். எனவே பேட்டரிப் பெட்டிகள் வந்து இறங்குமுன் உள்ளூர்த் தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சி தந்தாக வேண்டும்.