கைப்பணியும் கலாசாலை மாணவரும்

சென்ற ஆண்டு எம் விடுதி நண்பர் ஒருவர் கண்ணாடித் தொட்டி ஒன்றும், அதில் விடுதற்குக் கப்பி மீன்கள் பன்னிரண்டும் வாங்கி வந்தார். தொட்டி புதிது, நீர் தெளிந்தது, மீன்கள் சாளரத்து வெயிலில் மின்னி விளையாடின. பத்து நாட்களுக்குள் ஒன்பது மீன்கள் மாண்டன. நீர் கெட்டதெனக் கருதி யாம் நாள்தோறும் அதனை முற்றும் இறைத்துக் குழாய்நீரை நிரப்பினோம். அதனால் இறப்பு மிகுந்ததேயன்றிக் குறைந்திலது. காரணம் பின்னரே விளங்கிற்று. மீனின் கழிவினின்று அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் தோன்றுகின்றது. அதனைத் தீங்கு குறைந்த வேறு பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியின் மணலிலும் கல்லிலும் படிந்து பெருகுதற்குச் சில வாரங்கள் வேண்டும். ஆதலின் முதற்கண் இரண்டொரு மீன்களையே விட்டு, இரையைச் சுருக்கி, நீரில் நாலிலொரு பங்கை மட்டும் அவ்வப்போது மாற்றிவரல் வேண்டும். யாம் ஊற்றிய குழாய்நீரிற் கலந்திருந்த குளோரினோ மீனின் செவுள்களையும் வருத்தி, அந்நுண்ணுயிர்களையும் அழித்தது.

இவற்றையெல்லாம் எமக்கு எடுத்துரைத்தவர் விலங்கியல் மாணவரென நினைப்பீர்கள். அல்லர், எம் அறைக்கு நேர் கீழறையில் வாழும் பொருளியல் மாணவர் ஒருவர். பள்ளிப் பருவம் முதலே தம் இல்லத்தில் மீன் வளர்த்து வந்தவர் அவர். பதினான்கு படிகள் இறங்கி ஒரு சொல் கேட்டிருப்பின் ஒன்பது உயிர்கள் பிழைத்திருக்கும். அவர் மீன் வளர்த்தவர் என்பதை யாம் அறிந்திலேம். எம் அறையில் மீன்கள் இறந்து கொண்டிருந்ததை அவரும் அறிந்திலர். இக்கட்டுரை எழுதத் துணிந்தது அதுபற்றியே.

எம் கலாசாலையில் இங்ஙனம் ஒருவரையொருவர் அறியாது வாழும் கைப்பணியாளர் எத்துணையர் என எண்ணிப் பார்த்தோம். எம் விடுதியில் ஒரு மாடியில் மட்டும், தீக்குச்சிகளால் ஆலயம் சமைப்பவர் ஒருவர், பழுதுற்ற வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுபவர் ஒருவர், விடுமுறையில் ஊருக்குச் சென்றால் புறாக்கூண்டை விட்டு அகலாதவர் இருவர், காகிதத்தால் இரயில் வண்டித் தொடர் செய்து கட்டிலின் கீழ் மறைத்து வைத்திருப்பவர் ஒருவர். ‘மறைத்து’ என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினோம். பந்தாட்டத்தில் வென்றவர் கிண்ணத்தை மேசைமீது வைக்கின்றார்; இரயில் வண்டியோ கட்டிலின் கீழ் கிடக்கின்றது.

காலம் வீணாகின்றது என்று பெரியோர் கடிவது ஒரு காரணம். பரீட்சைக்கு முந்திய திங்களில் அவர்கள் கூற்றை யாமும் மறுப்பதற்கில்லை. அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. உளி பிடித்தலும், மண் குழைத்தலும், கூண்டு கழுவுதலும் கற்றவர்க்கு இழுக்கு என்னும் எண்ணம் நம் நாட்டிற் குருதியோடு கலந்துள்ளது. கையால் உழைப்போரைக் கீழ்ப்படியில் நிறுத்திய சாதிக்கொடுமையின் மிச்சமே அது. தச்சர் ஒருவரின் மனையில் வளர்ந்து, தாமும் தச்சரென்றே ஊராரால் அழைக்கப்பெற்ற ஆண்டவரை நாள்தோறும் சிற்றாலயத்தில் வணங்குகின்ற நாம், அவ்வெண்ணத்தை வாயிற்படியிலேயே களைந்து விட்டோமா என்று எம்மையே கேட்டுக்கொள்கின்றோம். டிசம்பர் மாதம் வந்தால் மூங்கிற் சிம்பு வளைத்து, வண்ணத்தாள் ஒட்டி விண்மீன் செய்யாத மாணவர் எம் விடுதியில் அரியர். அப்போது எவரும் அதனை வீண்வேலை என்பதில்லை. ஜனவரியில் அதே கைகள் அதே மூங்கிலை வளைத்தால் முகஞ்சுளிக்கின்றனர்!

இத்தகைய பணிகள் தனித்திருந்து செய்யப்படுவன போலத் தோன்றினும், கூட்டுறவாலேயே வளர்ந்தன. சார்ல்ஸ் டார்வின் 1855ஆம் ஆண்டில் புறா வளர்க்கத் தொடங்கி, இலண்டன் நகரத்துப் புறா வளர்ப்போர் சங்கங்கள் இரண்டில் உறுப்பினராய்ச் சேர்ந்தார். அவர் கொள்கையைப்பற்றி வழக்கிட விரும்புவோர் வழக்கிடுக. யாம் சுட்டுவது வேறு. உலகறிந்த அவ்வறிஞர் அச்சங்கத்தாரை அணுகி, அவர்தம் பட்டறிவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1859இல் வெளிவந்த அவர் பெருநூலின் முதல் அதிகாரத்திற் புறாக்களுக்குப் பேரிடம் உண்டு. கூண்டுக்காரர் சொல்லாதிருப்பின் அவ்வதிகாரம் அவ்வடிவில் எழுந்திராது.

அத்துணைத் தொலைவு செல்வானேன்? 1771 முதல் 1813 வரை தரங்கம்பாடியில் இறைப்பணி ஆற்றிய கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்பார், ஓய்ந்த வேளைகளிற் கடற்கரையில் மீனும் சங்கும் சேர்த்துப் பெர்லின் நகரத்து மீனியலறிஞர் பிளாக்கு என்பார்க்கு அனுப்பினார். அறிஞர் ஒரு மீனினத்திற்கு ‘ஜானியஸ்’ என அவர் பெயரையே இட்டார். 1776இல் அங்கு வந்து சேர்ந்த ராட்லர், செடிகொடிகளை உலர்த்திச் சேர்த்தவர். தமிழ் ஆங்கில அகராதி தொகுத்தவரும் அவரே. இலையைத் தாளில் ஒட்டிய கையும் சொல்லை ஏட்டில் ஒட்டிய கையும் ஒன்றே என்பது தமிழ் பயிலும் எமக்கு மிக்க உவகை தருகின்றது. இவர்களும் மருத்துவர் கிளைன் போன்ற நண்பர்களும் தாம் கண்டவற்றை ஒருவர்க்கொருவர் அனுப்பி ஒப்புநோக்கி வந்தனர். அவர்கள் ஓய்வுநேரப் பணி இறைப்பணியைக் கெடுத்ததாக யாம் கேட்டதில்லை.

இனி எமது சொந்தப் பட்டறிவு ஒன்று. யாம் மூவர் சேர்ந்து சென்ற கோடையில் ஒரு கட்டுமரத்தின் மாதிரி செய்தோம். இருபது அடி நீளமுள்ள மரத்தை இருபதில் ஒரு பங்காக்கி, ஓரடி அளவிற் கலியாண முருங்கைக் கட்டைகளைச் செதுக்கினோம். நடுக்கட்டை ஆழ்ந்தும் ஓரக்கட்டைகள் சிறிது உயர்ந்தும் இருக்குமாறு அடுக்கி, ஆணியின்றிக் கயிற்றாலேயே பிணித்தோம். அதன்மேல் நிறுத்தச் சுட்ட மண்ணால் இரு மீனவர் உருவம் செய்தோம். நீரில் விட்டவுடன் மரம் ஒருபுறம் சாய்ந்து மீனவர் இருவரும் தொட்டியின் அடியிற் சென்று நின்றனர். பின்னர்க் கணக்கிட்டோம். நீளம் இருபதில் ஒரு பங்கானால் எடை எண்ணாயிரத்தில் ஒரு பங்காதல் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ள மனிதர் ஏழரைக் கிராம் ஆவர். சுட்ட மண்ணோ நீரினும் ஏறத்தாழ இருமடங்கு கனமுடையது; மனித உடலோ நீரோடு ஏறக்குறைய ஒத்த கனமுடையது. எம் மீனவர் ஒவ்வொருவரும் இருவர் எடையைத் தாங்கி நின்றனர். மரத்தால் வேறு உருவம் செய்து நிறுத்தினோம், மிதந்தது.

ரைட் சகோதரரும் இதனைத் தம் இளமையிற் கண்டவரே. பேராயராய் இருந்த அவர்தம் தந்தையார் 1878இல் தக்கையும் மூங்கிலும் காகிதமும் இரப்பர் நாடாவும் கொண்டு ஆகிய பறக்கும் பொம்மை ஒன்றைக் கொணர்ந்து தந்தார். அது முறிந்தபின் அதனைப்போலத் தாமே செய்தனர். பெரிதாய்ச் செய்யச் செய்ய நன்கு பறவாமை கண்டு வியந்தனர். 1903 டிசம்பர் 17ஆம் நாள் அவர்தம் வானூர்தி முதன்முறை பன்னிரண்டு விநாடியில் நூற்றிருபது அடி பறந்தது.

எம் கட்டுமரமோ ஒரு மணி நேரம் மிதந்தபின் மெல்லத் தாழத் தொடங்கிற்று. கட்டைகள் நீரை உறிஞ்சியதே காரணம். கடலினின்று மீண்ட மீனவர் கட்டவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர் என்பதை யாம் படித்திருந்தோம். ஏன் என்பதை அன்றே அறிந்தோம். ‘கட்டுமரம்’ என்னும் சொல்லின் முற்பாதி எத்துணைப் பொருளுடையது என்பதும் அன்றே விளங்கிற்று. இக்காலத்துக் கரைகளில் நாரிழைப் படகுகளே மிகுந்துவிட்டமையின், கட்டும் கலை அறிந்தோர் குறைந்து வருகின்றனர்.

பகிர்ந்துகொள்வோர் நிறைந்த வெற்றியை மட்டும் காட்டுதல் பயனில்லை என்பதும் எம் கருத்து. கடையில் விலையுயர்ந்த பெட்டி வாங்கி, குறித்தபடி ஒட்டி, நிழற்படம் எடுத்துக் காட்டுவது எளிது. மூழ்கிய மீனவரைக் காட்டுபவரிடமே கற்பதற்கு உண்டு. உயிர்களை வளர்ப்போர்க்கு இது இன்னும் பொருந்தும். பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்தல் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டது என்பதை அறியாத மாணவரை யாம் கண்டுள்ளோம். தொட்டியில் வளர்ந்து சலித்துப்போன அயல்நாட்டு மீனை இரக்கம் காட்டுவதாக எண்ணி ஏரியில் விடுவோரும் உளர். தொட்டி கழுவும் மீன் என்று கடைகளில் விற்கப்பெறும் தென்னமெரிக்கக் கெளிற்றினம் அவ்வாறே நம் நீர்நிலைகளிற் புகுந்து பெருகி, வலைகளைக் கிழித்து மீனவர்க்கு இடர் விளைக்கின்றது. இவற்றைக் கடைக்காரர் சொல்லார்; அறிந்த நண்பரே சொல்லுதல் வேண்டும்.

ஆதலின் கலாசாலைத் தலைவர்களிடம் யாம் கேட்பது பெரிதன்று. ஒரு சிறு அறையும், இரண்டு மேசைகளும், திங்களுக்கு ஒரு சனிக்கிழமைப் பிற்பகலும் போதும். பரிசு வேண்டா, பரிசு வைத்தால் மூழ்கியதை எவரும் கொணரார். பணியாளர்களும் ஆசிரியர்களும் மாணவரோடு ஒரே மேசையில் தத்தம் கைவேலையைக் கொணர்ந்து வைத்தல் வேண்டும். எம் விடுதிச் சமையற்காரர் வாழைமட்டையிற் செய்யும் மாட்டுவண்டியைக் கண்டவர் இதற்கு மறுப்புரையார்.

எம் கட்டுமரம் இப்போது அறையின் அலமாரியில் உள்ளது. அதன் இடப்புறக் கட்டை இன்னும் நழுவுகின்றது; யாம் இட்ட முடிச்சு நீரில் நனைந்தால் தளர்ந்துவிடுகின்றது. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் கடற்கரை ஊரினர் பலர் உளர். மீனவர் இடும் அம்முடிச்சை அறிந்தவர் எவரேனும் இவ்வழி வருவாராயின், மாலை ஐந்து மணிக்குமேல் யாம் மூவரும் விடுதியில் இருப்போம். கயிறு நிரம்ப உள்ளது.