மறைப்பது சபூர் அன்று

புற்றுநோய் மூளைக்குப் பரவினால் வலிப்பு வரலாம். பேச்சும் குணமும் மாறலாம். நம்மில் சிலர் இதனை ஜின் தீண்டல் என்று தாயத்துக் கட்டுகிறோம். மகளின் சம்பந்தம் தடைப்படுமென நோயாளியை அறைக்குள் மறைக்கிறோம். இது சபூர் அன்று, அநீதி!

நோயாளியை நலம் விசாரிப்பதை முஸ்லிம் சகோதரருக்குரிய கடமைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். மறைக்கப்பட்டவரை எவர் விசாரிப்பார்?

நெமிலியிலிருந்து வேலூருக்குக் கதிர்வீச்சுக்குச் செல்வோர் ஒருவர் நோயை மற்றவர் அறியார். மருந்தை மருத்துவர் சொல்வார். ஸ்டீராய்டால் உறக்கமிழந்த இரவையும், தொழுகையில் ரக்அத் மறந்த கலக்கத்தையும் அவற்றைக் கடந்தவரே அறிவார்.

கோழிக்கோட்டில் 1993இல் தோன்றிய வலிநிவாரண இயக்கம் ஊராரையே துணையாக்கியது. நிக்காஹுக்குத் திறக்கும் ஜமாஅத் மண்டபம், மாதமொரு நாள் இந்நோயாளிகள் கூடி அமரவும் திறக்கட்டும். ஜனாஸாவுக்குத் திரளும் நாம், உயிருள்ளபோதே செல்வோமாக!