பாதமும் பட்டமும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் எம்மவர் வீடுகளில் இரண்டு குரல்களே கேட்கின்றன. ஒன்று, பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகிவிட்டான் என்ற வெற்றி முழக்கம். மற்றது, வெட்டுப்புள்ளியில் தவறிவிட்டான் என்ற ஒப்பாரி. இவ்விரண்டுக்கும் இடையே சுகாதார விஞ்ஞானம் என்றொரு பரந்த துறை உண்டென்பது பலருக்கு நினைவில் வருவதேயில்லை. வந்தாலும், ‘கிடைக்காதவர்களுக்குக் கிடைப்பது’ என்ற ஏளனத்தோடுதான் வருகிறது. அத்துறைக்குள் பாத மருத்துவம் என்றொரு பிரிவு இருக்கிறது, அதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு கற்றுப் பட்டம் பெறுகின்ற நாடுகள் உள்ளன என்று சொன்னாலோ சிரிப்பே பதிலாகக் கிடைக்கிறது. “கால்நகம் வெட்டவும் ஒரு பட்டமா?” என்று கல்விமான்கள் எனப் பெயரெடுத்தோரே கேட்கக் கேட்டிருக்கிறோம்.

இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதே எமது கேள்வி.

பாத மருத்துவ மாணவர் கற்பது என்ன? மனித உடலின் 206 எலும்புகளில் 52 எலும்புகள், அதாவது காற்பங்கு, இரு பாதங்களிலேயே இருக்கின்றன. அவற்றின் மூட்டுகள், தசைநார்கள், நரம்புகள், குருதிக் குழாய்கள், நடக்கும்போது உடலின் பாரம் எங்கிருந்து எங்கே மாறுகிறது என்ற இயக்கவியல், மருந்தியல், உணர்விழக்கச் செய்யும் ஊசி, உயிர்த்தசையைத் தொடாமல் காய்ப்பைச் சீவியெடுக்கும் கத்தியின் நுட்பம் எல்லாம் பாடத்திட்டத்தில் அடங்கும். இங்கிலாந்தில் இம்மாணவர்கள் ஏறத்தாழ 1,000 மணித்தியாலம் நோயாளருடன் நேரிற் பயில வேண்டும். பதிவு பெறாதவர் பாத மருத்துவர் என்று தம்மை அழைத்துக்கொள்வது அங்கே சட்டப்படி குற்றம். நகம் வெட்டும் வேலைக்கு இத்தனை காவலா?

இக்கல்வியின் உயிர்நிலை நீரிழிவு நோயாளரின் பாதத்தில் இருக்கிறது. நோய் முற்ற முற்றப் பாதத்து நரம்புகள் செத்துப்போகின்றன, வலி மறைகிறது. வலி மறைவதை நோயாளி சுகமென்று எண்ணுகிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்லோடு அவர் நாள் முழுவதும் நடக்கிறார். நண்பகலில் கோயில் வீதியின் கொதிமணலில் பிரதட்டை செய்கிறார், கொப்புளம் எழுந்தது தெரிவதில்லை. காய்ப்பின் அடியிலே புண் புரையோடுகிறது. குருதியோட்டமும் குறைந்திருப்பதால் அது ஆறுவதில்லை. விரல் போகிறது, பிறகு பாதம் போகிறது, பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் போகிறது. இந்த வரிசையை முதற்படியிலேயே தடுத்து நிறுத்த வேண்டியது ஒரு நைலோன் இழையும் பயின்ற கையுமே. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் அவ்விழையை உள்ளங்காலின் குறித்த இடங்களில் ஊன்றிப் பார்க்கிறார்கள். அதன் தொடுகையை எந்த இடம் உணரவில்லையோ அந்த இடத்துக்குக் காவல் தேவை. கால்களைக் காக்கும் இந்த அறிவைத்தான் எம்மவர் சிரிப்புக்குரியதாக்குகிறார்கள்!

தமிழ் படித்தவர்களாகிய எமக்கு இதிலே இன்னொரு வேடிக்கையும் தெரிகிறது. திருக்குறளின் கடவுள் வாழ்த்துப் பத்துப் பாடல்களில் ஏழு, அடியையோ தாளையோ பேசுகின்றன. தெய்வத்தின் காலென்றால் திருவடி. உழைக்கும் மனிதனின் காலென்றால் தீட்டு. காலிலிருந்து பிறந்தவர்கள் என்று ஒரு வருணத்தையே கீழே தள்ளிய சமூகம், காலுக்குச் செருப்புத் தைத்தவனை ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம், காலைத் தொட்டுச் செய்யும் வைத்தியத்தை மட்டும் மதித்துவிடுமா? தலைக்கு வைத்தியம் செய்பவர் பெரியவர், காலுக்குச் செய்பவர் சிறியவர் என்ற இந்த அடுக்கு விஞ்ஞானம் வகுத்ததன்று. சாதி வகுத்தது.

விஞ்ஞானம் சென்ற வழி வேறு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த போல் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை வைத்தியர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். உணர்விழந்த காலிலும் கையிலும் தெரியாமலே நேர்கின்ற காயங்களே அவற்றைத் தின்னுகின்றன என்பதை அவரும் அவருடைய குழுவினரும் நிறுவினர். அதற்குப் பரிகாரம் விலையுயர்ந்த மருந்தன்று; மென்மையான றப்பர் அடி வைத்த செருப்பு. அக்குழுவினர் செருப்புப் பட்டறையில் நின்று அதனை உருவாக்கினர். பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குச் சென்றார். தமிழ்நாட்டின் தொழுநோயாளர் கால்களிலிருந்து கற்ற அப்பாடம், அங்கே நீரிழிவு நோயாளரின் கால்களையும் காத்தது. றப்பர் விளையும் நாட்டிலே இருந்துகொண்டு நாம் அப்பாடத்தைச் சிரிப்புக்கு விடுகிறோம்.

யாருடைய கால்கள் போகின்றன என்பதையும் கேட்போம். சேற்றுவயலில் வெறுங்காலோடு நிற்பவர், தோட்டத்து மலைச்சரிவில் கூடையோடு ஏறுபவர், கரைவலை இழுப்பவர், சீமெந்து குழைப்பவர் ஆகியோரே முதல் வரிசையில் நிற்கிறார்கள். நீரிழிவு பணக்காரரையும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பாதப் புண்ணுக்கு முதல் மருந்து அந்தக் காலை ஊன்றாதிருத்தல். வாரக்கணக்கில் காலை ஊன்றாமலிருக்கக் கந்தோர்காரருக்கு லீவு உண்டு, நாட்கூலிக்கு என்ன உண்டு? மறுநாளே வேலைக்குப் போகிறார். ‘நோயாளி சொற்கேட்கவில்லை’ என்று துண்டில் எழுதப்படுகிறது. போர் 2009இல் ஓய்ந்தது. கால்கள் போவது ஓயவில்லை. அன்று மிதிவெடி, இன்று ஆறாப் புண்.

எமது அரச பல்கலைக்கழகங்களில் தாதியியலும் மருந்தாக்கவியலும் இயன்மருத்துவமும் கதிர்ப்படவியலும் பட்டப்படிப்புகளாக உள்ளன. பாத மருத்துவம் இல்லை. அதனைத் தொடங்க வேண்டும் என்கிறோம். ஆனால் இங்கிலாந்தின் பாடத்திட்டத்தோடு அந்நாட்டின் கட்டண முறையையும் இறக்குமதி செய்யும்படி நாம் கேட்கவில்லை. சுகாதார விஞ்ஞான மாணவர்க்கு அங்கே அரசு கொடுத்துவந்த உதவிப்பணம், 2017இல் புதிதாகச் சேர்ந்தோருக்கு நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு 9,250 பவுண் கட்டணத்தைக் கடன்பட்டுச் செலுத்துமாறு சொல்லப்பட்டது. பிள்ளை குட்டிகளோடு, வேறு தொழில் பார்த்துவிட்டு, வயது சென்றபின் படிக்க வருவோரை இத்துறை பெரிதும் நம்பியிருந்தது. கடன் அவர்களை வாசலிலேயே மறித்தது, விண்ணப்பங்கள் விழுந்தன. 2020இல் ஆண்டுக்கு 5,000 பவுண் கொடுப்பனவு மீண்டும் வந்தது. ஆள் பற்றாக்குறையுள்ள பாத மருத்துவம் போன்ற துறைகளுக்கு மேலும் 1,000 பவுண் சேர்க்கப்பட்டது. கட்டணமும் கடனும் அப்படியே இருந்தன. நோயாளரின் புண்ணைக் கழுவி ஆயிரம் மணித்தியாலம் உழைக்கும் மாணவர், அவ்வாறு உழைக்கும் உரிமைக்குத் தாமே பணம் கட்டுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

இலவசக் கல்வியையும் இலவச வைத்தியத்தையும் வென்றெடுத்த நாடு இது. ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையின் நீரிழிவுக் கிளினிக்கிலும் பாதம் பார்க்கப் பயின்ற ஒருவர் இருக்க வேண்டும் என்பது பேராசையா? பணமில்லை என்பார்கள். நன்று. ஒரு காலைத் துண்டிக்க ஆகும் சத்திரசிகிச்சைச் செலவு, நோயாளி விடுதியிற் கிடக்கும் நாட்களின் செலவு, செயற்கைக் காலின் விலை, அது தேயுந்தோறும் மாற்றுகின்ற விலை, உழைப்பவர் முடங்கியபின் அந்த வீடு இழக்கும் கூலி, தகப்பனைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடும் மூத்த பெண்ணின் படிப்பு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதட்டும். பாத மருத்துவர் ஒருவரின் சம்பளத்தை மறுபக்கத்தில் எழுதட்டும். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பின்பு பணமில்லை என்று சொல்லட்டும்.