ஒரு கலத்து உண்டி

சென்ற மார்கழி விடுமுறையில் எம் வகுப்பு மாணாக்கர் அறுவர், புதுச்சேரியினின்று ஹவுராவுக்குச் செல்லும் புகைவண்டியேறிக் கொல்கத்தா நகரைக் கண்டு மீண்டோம். அறுவரும் லாஸ்பேட்டையில் ஒரே விடுதியில் உறைவோர். ஒரே பலகையிலமர்ந்து ஒரே தொல்காப்பியத்தைப் புரட்டுவோர். விக்டோரியா மண்டபத்தின் வெண்மையையும் கங்கைப் பாலத்தின் பெருமையையும் வருணிப்பார் இம்மலரிலேயே வேறு பலர் உளர். யாம் எழுதப் புகுந்தது ஓர் உண்டிச்சாலையைக் குறித்தே. தமிழ்ப் பகுதியில் இதற்கென்ன இடமென வினவுவார் சிறிது பொறுத்தருள்க.

கணேச சந்திர அவெனியூ என்னும் வீதியில், பெட்ரோல் பங்க் ஒன்றன் மேன்மாடத்தில், 'ஓ சியூ' என்னும் சீன உண்டிச்சாலை உள்ளது. 1920-களில் தோன்றி, ஒரு குடும்பத்தாராலேயே வழிவழியாக நடத்தப்பெறுவது. பகட்டு ஏதுமில்லாத பழைய கடை. ஆங்கே 'சிம்னி சூப்' என்றொரு பண்டம் உண்டு. முற்கூட்டியே சொல்லி வைத்தல் வேண்டும். நடுவே புகைபோக்கி நிமிர்ந்து நிற்கும் ஓர் உலோகக் கலம். அப்புகைபோக்கியின் அடியில் கரித்தணல். அதனைச் சுற்றி அகழிபோல் வளைந்த பகுதியில் கொதிக்குஞ் சாறு. அச்சாற்றிலே மீனுருண்டை, இறால், கோழி, பன்றியிறைச்சி, முட்டை, கீரை. இவ்வகை உணவுக்குச் சீனர் இட்ட பெயரைத் தமிழாக்கின் 'தீக்கலம்' என்றாகும். விலையை ஆறாகப் பகுத்தபோது மாணாக்கர் பைக்கு அடங்கியது. யாம் அக்கடையை நாடியதும் அதனாலேயே என்பதை மறைப்பானேன்?

கலம் வந்தது. அறுவர்க்கும் அது ஒன்றே. எம்முள் ஒருவர், எல்லோரும் ஒரே கலத்தில் கைவைத்தால் எச்சிலன்றோ என்று சொல்லித் தம் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். யாம் நகைத்தோம். எதிரேயிருந்த நண்பரொருவர் மட்டும் நகைத்திலர், உண்டதும் சிறிதே. அன்றிரவு தனித்திருந்தபோது காரணம் உரைத்தார். அவர்தம் பாட்டியார், பிறந்த ஊர்த் தேநீர்க்கடையில் தமக்கென ஒதுக்கிய குவளையிலேயே பருகியவராம். பருகியபின் அதனைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்தல் வேண்டுமாம். கவிழ்ந்த கிண்ணத்தைக் கண்டதும் அக்குவளை கண்முன் வந்ததென்றார். கவிழ்த்தவரோ கனவிலும் அதனை நினைந்தவரல்லர். தும்மல் ஒலி கேட்பினும் முகத்தை மூடிக்கொள்ளும் இயல்பினர். எனினும், நகைத்த எமக்கு அன்றிரவு உறக்கம் எளிதில் வந்திலது.

எச்சில் என்னும் ஒரு சொல்லுக்குள் இருவேறு அச்சங்கள் குடியிருக்கின்றன என்பதே யாம் சொல்ல வந்தது. நோய்க்கு அஞ்சுதல் ஒன்று. அது தக்கதே. தீக்கலம் பிறந்த சீன நாட்டிலேயே, 2020-இல் கொரோனா பரவியபோது, வாயில் இடுங் குச்சிகளைப் பொதுக்கலத்தில் இடாது, பரிமாறுதற்கெனத் தனிக் குச்சிகளை வைத்துக்கொள்ளுமாறு அரசினர் மக்களை வற்புறுத்தினர். கலம் ஒன்றாயிருக்கலாம், அகப்பை வேறாயிருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. எம் மேசைமீதும் அகப்பை ஒன்று இருந்தது. அதனை முன்னரே சுட்டிக் காட்டியிருப்பின் கிண்ணம் நிமிர்ந்திருக்கும். மற்றோர் அச்சமோ, உண்பவன் பிறப்பைப் பற்றியது. அதற்கு அகப்பையிட்டும் பயனில்லை. கொடுமை யாதெனில், இவ்விரண்டாவது அச்சம் எப்போதும் முதலாவதன் உடையை உடுத்தே வருகின்றது. 'சுத்தம்' என்று வாய் சொல்லும். தீட்டு என்று நெஞ்சு நினைக்கும்.

சீனத்தில் சோங்கிங் என்னும் நகரில் இவ்வுணவு பரவிய வரலாறு எமக்கு மிகவும் இனிக்கின்றது. யாங்சி ஆற்றங்கரையில் படகு வலித்தும் மூட்டை சுமந்தும் பிழைத்தோர், பிறர் விரும்பாத மாட்டுக் குடலை மலிவாய் வாங்கி மிளகாய்ச் சாற்றில் வேகவைத்து உண்டனர் என்பர். அக்கலத்தினுள் ஒன்பது கட்டங்களாகத் தட்டி வைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. முன்பின் அறியாத வழிப்போக்கர் பலர் ஒரு கலத்தைச் சுற்றியமர்ந்து, தத்தம் கட்டத்தில் தத்தம் துண்டை இட்டு, உண்டதற்கு மட்டும் காசு கொடுத்தற்கு அவ்வேற்பாடு தோன்றிற்றென்று கூறுவர். துண்டுகள் கலவாமற் காக்கத் தட்டி. தட்டியின் கீழோ சாறு ஒன்றே, தீயும் ஒன்றே. பெய்ஜிங்கில் ஆட்டிறைச்சித் தீக்கலத்தால் பேர்பெற்ற தோங்லாய்ஷுன் கடையை 1903-இல் தொடங்கியவர் ஒரு முஸ்லிம்; ஆங்கே பன்றியிறைச்சிக்கு இடமில்லை. இந்நாளில் ஆளுக்கொரு சிறு கலம் வைக்குங் கடைகளும் சீனத்திற் பெருகிவிட்டன. வசதியானதே, யாம் அதனைத் தேடிச் செல்லோம்.

நம் வாழையிலை ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இடப்படுவது. அதனினுந் தூய கலம் உலகில் உண்டோ? ஆயினும் இலை தனித்திருந்தது போதாதென்று பந்தியையும் பிரித்தோம். வ. வே. சு. ஐயர் எம் புதுச்சேரியில் 1910 முதல் 1920 வரை வாழ்ந்தவர். பின்னர்ச் சேரன்மாதேவியில் அவர் நிறுவிய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவிட்டமை, 1925-இல் தமிழ்நாடு முழுவதையும் கலக்கிற்று. கிறிஸ்தவராகிய யாமும் குற்றமற்றவரல்லேம். புதுச்சேரிக் கோயிலில் சாதியாரையும் பறையரையும் பிரித்துநின்ற சுவரையும், 1745-இல் அச்சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார்.

கொல்கத்தாச் சீனரை நம் நாடு நடத்திய முறையும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1962-இல் சீனப் போர் மூண்டபோது, இந்நாட்டுச் சீனர் ஏறத்தாழ 3,000 பேர், குழந்தைகள் உட்பட, இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். மீண்டோருட் பலர் பின்னர் வேற்றுநாடு புகுந்தனர். எஞ்சியோர் அடுப்பை அணைத்திலர். மாடியேறி வருவோர் எவராயினும் அவர்முன் கலத்தை வைக்கின்றனர்.

எம் விருப்பம் இதுவே. ஆண்டுதோறும் விடுதி நாள் விருந்தில் மாணாக்கர் தத்தம் கூட்டத்தோடு அமர்ந்துண்டு கலைகின்றனர். எக்கூட்டம் எதனாற் கூடிற்றென்பதை அறியாதார் இலர். வரும் ஆண்டில் ஆறு பேர்க்கு ஒரு கலம் வைத்து, யார் எக்கலத்தருகே இருப்பதென்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்க. மரக்கறி உண்பார்க்கு வேறு கலம் வேண்டும். அதில் எமக்கு வழக்கில்லை. அக்கலத்தைச் சுற்றியும் சீட்டு விழுந்தபடியே அறுவர் இருத்தல் வேண்டும். புகைபோக்கிக் கலத்திற்கு யாம் எங்கே போவதென்றார் சமையற்காரர். வாயகன்ற சட்டியும் இரும்புக் கரியடுப்பும் போதுமென்றோம்.

நண்பர் சொன்னதைப் பிறர்க்குச் சொல்லலாமோவென்று கேட்டோம். தாமே சொல்வதாகக் கூறி, திரும்பும் வண்டியிற் சொன்னார். கேட்டவர் விசாகப்பட்டினம் வருமளவும் வாய்திறந்திலர். விடுதித் தலைவர்க்கு எழுதிய விண்ணப்பத்தில் முதற் கையெழுத்து, கிண்ணத்தைக் கவிழ்த்த அவருடையது. மறுமொழி இன்னும் வந்திலது.