வீடு கட்ட மொழி கேட்கும் நாடு

தன் நிலத்தில் தனக்கென ஒரு வீடு கட்டிக்கொள்ள விழைபவனிடம் உலகின் அரசுகள் பெரும்பாலும் மூன்று வினாக்களை எழுப்பும். நிலம் யாருடையது? கழிவுநீர் எங்கே போகும்? சாலைக்கு வழி எப்படி? இவற்றோடு நான்காவதாக, 'இம்மண்ணின் மொழி உனக்குத் தெரியுமா?' என்றும் கேட்கும் நாடு ஒன்று உண்டு என்றால் பலர் நம்பார். அந்நாடு அயர்லாந்து. திரவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் கண்ட கால்டுவெல் 1814இல் பிறந்த தீவு அது.

கவுண்டி என்று ஆங்கிலத்தில் வழங்கும் கோட்டங்களாக அந்நாடு பகுக்கப்பட்டுள்ளது. தொனகால், மேயோ, கால்வே, கெரி, கார்க், வாட்டர்போர்டு, மீத் ஆகிய ஏழு கோட்டங்களில் ஐரிசு மொழியின் வாழ்நிலங்கள் எனச் சில பகுதிகள் சட்டத்தால் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குக் கேல்தாக்து என்று பெயர். 2022ஆம் ஆண்டின் மக்கட்கணக்குப்படி அங்கு வாழ்வோர் 1,06,220 பேர். அவருள் பள்ளிக்கு வெளியே நாள்தோறும் ஐரிசு பேசுவோர் 20,261 பேரே! ஒரு பழம்பெருமொழி தன் தாய்நிலத்திலேயே ஐந்தில் ஒரு பங்கினர் நாவில் மட்டும் நாள்தோறும் புழங்குகிறது என்றால், அங்குக் கட்டப்படும் ஒவ்வொரு வீடும் மொழிக்கு வரவா, இழப்பா என்று பார்ப்பதில் பிழையென்ன?

அந்நாட்டின் 1937ஆம் ஆண்டு அரசியல் சட்டம் ஐரிசு மொழியையே முதல் ஆட்சிமொழி என்கிறது. ஆங்கிலத்துக்கு இரண்டாம் இடமே. தலைமையமைச்சரைத் 'தீசாக்' என்றும் நாடாளுமன்றக் கீழவையைத் 'தால்' என்றும் ஆங்கிலச் செய்தித்தாள்களும் மொழிபெயர்க்காமலே எழுதுகின்றன. குடிநீர் வழங்கும் நிறுவனம் 'இசுகே ஏரன்'. கட்டட இசைவு பற்றிய மேல்முறையீடுகளை 1977 முதல் கேட்டுவந்த அமைப்பு 'ஆன் போர்டு பிலானாலா'. 2025 சூன் திங்களில் அது 'ஆன் கொமிசூன் பிலானாலா' ஆயிற்று. பெயரெல்லாம் ஐரிசு, அப்பெயர்ப்பலகைக்குப் பின்னால் நடக்கும் பேச்சோ பெரும்பாலும் ஆங்கிலம். பலகையில் மட்டும் தாய்மொழியை ஏற்றிவைத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று கைகழுவும் பழக்கம் அயர்லாந்துக்கு மட்டும் உரியதன்று என்பது தமிழர்க்குச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை.

அங்குச் சிற்றூர்ப்புறத்தில் வீடு கட்ட முனைபவர் என்னென்ன செய்யவேண்டும் என்பதை அறிந்தால்தான் சிக்கலின் வேர் விளங்கும். 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் இசைவு பெறுதல் கட்டாயமாயிற்று. பின்னர் 2000ஆம் ஆண்டில் விரிவான சட்டம் வந்தது. 2024இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் படிப்படியாக அதன் இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. 2001ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, வேண்டுகை மடல் கொடுப்பதற்கு முந்திய இரண்டு கிழமைக்குள் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிடவேண்டும். மனையின் முகப்பில், வழிப்போவார் கண்ணில் படும்படி அறிவிப்புப் பலகை நாட்டவேண்டும். ஊர்ப்புற மனைக்கு 2500இல் ஒன்று என்னும் அளவில் நிலப்படம், கட்டட வரைவுகள் எல்லாம் ஆறு படிகள். ஒரு வீட்டுக்குக் கட்டணம் 65 யூரோ. ஐந்து கிழமைக்குள் 20 யூரோ செலுத்தி யார் வேண்டுமாயினும் தம் கருத்தை எழுதிக் கொடுக்கலாம், எதிர்த்தும் எழுதலாம். கோட்ட மன்றம் எட்டுக் கிழமைக்குள் முடிவு கூறவேண்டும். கூடுதல் விளக்கம் கேட்டால் அது நீளும். முடிவு ஏற்பின்றெனில் நான்கு கிழமைக்குள் மேல்முறையீடு. ஒளிவுமறைவற்ற இம்முறையைக் குறைகூற இடமில்லை. ஊரறியப் பலகை நாட்டி வீடு கட்டும் வழக்கம் எங்கும் பரவத்தக்கதே.

இடர் வருவது மண்ணில். ஊர்ப்புற வீடுகளுக்குப் பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கழிவுநீர்த் தொட்டி வேண்டும். தொட்டியிலிருந்து வரும் நீரை மண் வடிகட்டுமா என்று ஆராய்தல் வேண்டும். குழி தோண்டி நீரூற்றி, அந்நீர் 25 மில்லிமீட்டர் கீழிறங்க எத்தனை மணித்துளி ஆகிறது என்று அளப்பர். மிக விரைந்து இறங்கினாலும் தீது. இறங்காது நின்றாலும் தீது. ஐரிசு மொழி மிகுதியும் எஞ்சியிருப்பது கால்வேக் கோட்டத்தின் மேற்குப் புறமான கானமாராவில். அங்கு நிலமோ கருங்கற் பாறையும் நீர்தேங்கும் சதுப்பும். உழவுக்கு ஆகாத நிலமென்று ஆங்கிலேயன் விட்டுவைத்த கரணியத்தாலேயே அங்கு மொழி பிழைத்தது எனலாம். வன்னிலம் மொழியைக் காத்தது. அதே வன்னிலம் இன்று அம்மொழி பேசுவானின் வீட்டைத் தடுக்கிறது! வளைந்து நெளிந்த குறுஞ்சாலை. வாயிலிலிருந்து இருபுறமும் வேண்டிய தொலைவுக்குப் பார்வை எட்டவில்லை என்று ஒரு மறுப்பு. கடற்கரைக் காட்சியழகு கெடும் என்று இன்னொரு மறுப்பு. தந்தை கொடுத்த மனையில் மகளுக்கு இசைவில்லை. அவள் கால்வே நகருக்கோ தப்ளினுக்கோ போகிறாள். அவள் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகின்றனர். மண்ணை அளந்த அலுவலர் தம் கடமையைத்தான் செய்தார். ஆனால் ஒரு மொழிக்குடும்பம் குறைந்த கணக்கை எந்தப் பதிவேட்டிலும் எவரும் எழுதவில்லை.

இதை அந்நாட்டுச் சட்டம் உணராமலில்லை. கேல்தாக்துப் பகுதி தன் எல்லைக்குள் அமைந்த ஒவ்வோர் உள்ளாட்சி மன்றமும், அதன் மொழி மரபையும் பண்பாட்டு மரபையும் காப்பதைத் தன் வளர்ச்சித் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாக வைத்தல் வேண்டும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. அவ்வழியில் கால்வேக் கோட்டத்தின் 2022–2028 திட்டம் ஒரு மொழிக்கட்டுப்பாட்டை வகுத்துள்ளது. கேல்தாக்துப் பகுதியில் இரண்டும் அதற்கு மேலுமான வீடுகள் சேர்ந்து கட்டப்படின், அவற்றுள் குறைந்தது 20 விழுக்காடு, அல்லது அவ்வூரில் நாள்தோறும் ஐரிசு பேசுவோரின் விழுக்காடு, இவற்றுள் எது மிகுதியோ அந்த அளவு வீடுகள் ஐரிசு பேச வல்லார்க்கே உரியவை. இக்கட்டு 15 ஆண்டுக் காலம் நிற்கும்.

'இஃதென்ன கொடுமை! மொழி தெரியாதவன் மாந்தனில்லையா?' என்று சிலர் கொதிக்கின்றனர். ஐரோப்பிய ஒன்றிய வழக்குமன்றம் 2013 மே 8ஆம் நாள் பெல்சிய நாட்டின் பிளெமிசுப் பகுதிச் சட்டமொன்றைப் பற்றி அளித்த தீர்ப்பையும் எடுத்துக்காட்டுகின்றனர். அத்தீர்ப்பை ஊன்றிப் படித்தல் நலம். 2009ஆம் ஆண்டின் அச்சட்டம், சில ஊர்களில் வீடு வாங்குவோர் அவ்வூரோடு போதிய தொடர்பு காட்டவேண்டும் என்றது. செல்வமில்லாத உள்ளூரார்க்கு வீடு கிடைக்கச் செய்வதே நோக்கம் என்றும் சொல்லிற்று. கேட்ட தொடர்போ செல்வம் படைத்த உள்ளூரார்க்கும் ஒருங்கே பொருந்துவது. நோக்கமும் வழியும் இணையவில்லை என்பதே அங்குக் கண்ட குறை. கேட்கப்பட்டது மொழியன்று, ஊர்வேர். மொழிபற்றி அதே மன்றம் 1989இல் வேறொரு வழக்கைக் கண்டது. அயர்லாந்தில் ஓவிய ஆசிரியைப் பணி வேண்டிய நெதர்லாந்துப் பெண்ணிடம் ஐரிசு அறிவைக் கேட்டது தவறா என்பது வழக்கு. மொழியைக் காக்கும் அரசின் கொள்கைக்கு ஏற்ப, அளவு மிகாமலும் வேறுபாடு காட்டாமலும் அவ்வறிவைக் கேட்கலாம் என்று அம்மன்றம் ஒப்பியது. பிறப்பைக் கேட்பது வேறு. கற்கக்கூடிய ஒன்றைக் கேட்பது வேறு. எந்த நாட்டில் பிறந்தவரும் ஐரிசு கற்று அங்குக் குடியேறலாம். கதவு அடைக்கப்படவில்லை, அதன் திறவுகோல் மொழி என்பதே செய்தி.

ஆகவே அக்கட்டுப்பாட்டின் மேல் குறையில்லை. அது எட்டும் எல்லை மிகச் சிறிது என்பதே குறை. புதிதாகக் கட்டப்படும் வீட்டுத் தொகுதிகளை மட்டுமே அது தொடுகிறது. பழைய வீட்டை எவரும் வாங்கலாம். அவரை மொழி கேட்பாரில்லை. ஆண்டில் சில கிழமை மட்டும் விளக்கெரியும் ஓய்வு வீடுகள் கடற்கரை நெடுகப் பூட்டிக்கிடக்க, அவற்றுக்கு நடுவே மொழி பேசும் இளைஞர் வாடகைக்கும் இடமின்றி அலைகின்றனர். அயலவனைத் தேர்வு வைத்துத் தடுக்கத் தெரிந்த சட்டத்துக்கு, உள்ளவனை நிலத்தில் நிறுத்தத் தெரியவில்லை. இது வேலி கட்டிவிட்டுப் பயிருக்கு நீர் பாய்ச்ச மறந்த உழவனின் செயல். பாறை நிலத்தில் தனித்தனித் தொட்டி ஆகாதெனில், ஊர்நடுவே பொதுக் கழிவுநீர்ப் பணி செய்து, மனைகள் பிரித்து, மொழி பேசும் குடும்பங்களுக்குத் தாங்கும் விலையில் தருவது கோட்ட மன்றத்தின் வேலை. கேல்தாக்துப் பகுதிகளின் வளர்ச்சிக்கென 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட ஆயம் நெடுங்காலமாகத் தொழிற்கூடங்களையே கட்டி வந்தது. கூடத்தில் வேலை உண்டு, குடியிருக்க இடமில்லை என்றால், தொழிலாளி மாலையில் எம்மொழி பேசும் ஊருக்குத் திரும்புவான்?

இவ்வாறு செய்ய இயலாது என்பார்க்கு அந்நாட்டு வரலாறே விடை. 1935இல் அயர்லாந்தின் நில ஆணையம் கானமாராவிலிருந்து 27 ஐரிசுக் குடும்பங்களை நாட்டின் குறுக்கே கொண்டுசென்று, ஆங்கிலம் சூழ்ந்த மீத் கோட்டத்தில் இரா கார்ன் என்னும் இடத்தில் குடியமர்த்தியது. குடும்பத்துக்கொரு வீடும், விளைநிலமும், கால்நடையும், உழவுக் கருவிகளும் அரசே கொடுத்தது. அவ்வூர் கேல்தாக்து என்று ஏற்கப்பட 1967 வரை போராட வேண்டியிருந்தது என்பது வேறு செய்தி. தலைமுறைகள் கடந்தும் அங்கு ஐரிசு ஒலிக்கிறது. அன்று குடியேறியவரின் கொள்ளுப்பேரன் இன்று அதே ஊரில் ஒரு வீடு கட்ட எண்ணினால், செய்தித்தாள் அறிவிப்பும் ஆறு படி வரைவுகளும் 65 யூரோவும் எடுத்துக்கொண்டு கோட்ட மன்றத்துக்குச் செல்லவேண்டும். குழியில் ஊற்றிய நீர் இறங்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்.